நாலாம் நம்பர் பூட்ஸ்

தோட்டங்களில் வேலை நிலைமையைச் சோதிக்கிற அரசு அலுவலகம் ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் இன்ஸ்பெக்டராக ஓடியவன் நான். ஓய்வு பெற்றாலும் மாதம் ஒருமுறை ஈப்போவில் பழைய சகாக்களோடு உட்கார்ந்து தே தாரேக் டீ குடிக்கிற பழக்கம் போகவில்லை. போன மாதம், இன்னும் வேலையில் இருக்கிற இரண்டு பேரும் வந்திருந்தார்கள். இப்போதெல்லாம் ஆய்வுப் படிவத்தைக் காண்ட்ராக்டரே கைப்பேசியில் நிரப்பி அனுப்பிவிடுகிறாராம். "தொழிலாளர் எத்தனை பேர்" என்ற கட்டத்தில் அவர் போடுவதுதான் கணக்காம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்து அந்தக் கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபிறகு வெட்கமாக இருந்தது. நான் நேரில் போய், இரண்டு கண்ணாலும் பார்த்து, என் கையாலேயே தப்பாக எழுதியவன். அதனால் ஒரு குடும்பம் வீட்டை இழக்கப் பார்த்தது. கத்தின வேகத்தில் நான் பாதி உளறியிருந்த அந்த விஷயத்தை முழுசாகச் சொல்லுங்கள் சார் என்று அந்த இரண்டு பேரும் மறுநாளே போன் செய்தார்கள். வாயால் சொன்னால் நான் பாதியில் எங்கேயாவது போய்விடுவேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். அப்பா பால் மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தார். பள்ளிக்கூடம் முடித்தேன், பரீட்சை எழுதினேன், அரசாங்க வேலை கிடைத்தது. மூன்று வருஷம் பயிற்சி, சட்டப் புத்தகம், கோப்பு கட்டுவது, மேசை துடைப்பது எல்லாம் ஆயிற்று. அதில் சொல்ல ஒன்றும் இல்லை. தோட்டத்துப் பையன் என்பதால் என்னைத் தாப்பாவிலிருந்து சிலிம் ரிவர் வரைக்கும் தோட்டங்களுக்கே அனுப்பினார்கள். "மணியத்துக்குத் தோட்டம் அத்துப்படி" என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் அதை நம்பினேன். அந்த நம்பிக்கைதான் பிறகு என் காலை வாரிவிட்டது.

என் மேலதிகாரி புவான் ரொஹானா. புவான் என்றால் மலாயில் மேடம். மெலிந்த பெண்மணி, வயதில் என்னைவிட இளையவர். மலாய்க்காரர். நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம், இங்கே தமிழில் எழுதுகிறேன். அவரோடு ஆய்வுக்குப் போவது பெரிய இம்சை. விடியும் முன்பே பெரட்டுக் களத்துக்குப் போய்விட வேண்டும். பெரட்டு என்றால் காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற கூட்டம். காரை அரை மைல் தள்ளி நிறுத்துவார். ஆபீசுக்குள் நுழையமாட்டார். அவர்கள் காப்பியைத் தொடமாட்டார், கையில் சொந்தத் தண்ணீர் போத்தலும் இரண்டு வாழைப்பழமும் இருக்கும். முதலில் கக்கூஸைப் பார்ப்பார். பிறகு வரிசையில் நிற்கிறவர்களின் சோற்று டப்பாக்களை எண்ணுவார். அதற்கப்புறம்தான் பெயர்ப் பதிவைக் கேட்பார்.

அறிக்கை எழுதிக் கொடுத்தால் உடனே கையெழுத்துப் போடமாட்டார். மூடி வைத்துவிட்டு மூன்று கேள்வி கேட்பார். இதை யார் சொன்னது? சொல்லும்போது பக்கத்தில் யார் நின்றது? நீங்கள் என்ன பார்த்தீர்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் அறிக்கை திரும்பி வரும். குரல் உயராது, முகம் மாறாது. கத்துகிற அதிகாரிகளிடம் வேலை பார்த்துப் பழகிய எனக்கு, இவருடைய அமைதியிடம்தான் அதிகப் பயம்.

நான் ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தபோதுதான் விமலா எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். நாற்பது வயதிருக்கும். சிலிம் ரிவர் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டம், இப்போது முழுக்கச் செம்பனை, எண்ணெய் எடுக்கிற பனை. தோட்டத்தின் பெயர் வேண்டாம். வேலை எல்லாம் குணா என்ற காண்ட்ராக்டர் கையில். விமலாவின் புருஷன் சேகர் குலை வெட்டுகிறவன். உயரத்திலிருந்து குலை ஒன்று தோளில் விழுந்து முதுகெலும்பு அடிபட்டுப் படுத்துவிட்டான். அவனுக்குச் சேர வேண்டிய உதவி வந்துகொண்டுதான் இருந்தது, அதில் குறையில்லை. பிரச்சினை வேறு.

குணா வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடு வேலை செய்கிறவர்களுக்கு, உன் வீட்டில் வேலை செய்ய யாரும் இல்லை, மாதக் கடைசிக்குள் போய்விடு என்று ஆள் விட்டுச் சொன்னாராம். விமலா நேரில் போய், நான் வேலை செய்கிறேனே, என்னையே தொடர்ந்து வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறாள். நீ எப்போது இங்கே வேலை செய்தாய் என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். படுக்கையில் ஒரு மனுஷன், இரண்டு பெண் பிள்ளைகள், சொந்த ஊர் என்று போக வேறு இடமில்லை.

செம்பனைக் காட்டைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புருஷன் நீளக் கம்பில் கட்டிய அரிவாளால் குலையை வெட்டித் தள்ளுவான். விழுந்த குலையிலிருந்து பழங்கள் தெறித்துச் சுற்றிலும் சிதறும். அந்த உதிரிப் பழத்தைக் குனிந்து குனிந்து பொறுக்கிச் சாக்கில் கட்டுவது, வெட்டிய மட்டையை இழுத்து அடுக்குவது எல்லாம் மனைவி செய்வாள். காலை முதல் மதியம் தாண்டி இரண்டு பேரும்தான் உழைப்பார்கள். பதிவில் மட்டும் ஒரே பெயர் இருக்கும். நேற்று இன்று வந்த வழக்கமில்லை இது, ரப்பர் காலத்திலிருந்தே அப்படித்தான்.

விமலா சொன்னதைக் கேட்டு எனக்கு இரக்கம் வந்தது, நம்பிக்கையும் வந்தது. அவள் அங்கே தொழிலாளி என்று நிரூபித்துவிட்டால் முறையான நோட்டீஸ் இல்லாமல் வேலையை விட்டோ வீட்டை விட்டோ துரத்த முடியாது. நிரூபிக்க முடியாவிட்டால் அவள் யாரோ ஒருவருடைய மனைவி, அவ்வளவுதான். சுலபமாக முடித்துவிடலாம் என்று நினைத்து, குணாவுக்குப் போன் போட்டு கறாராகப் பேசினேன். அவர் பதறவே இல்லை.

"சார், நீங்க எழுதிக் கொடுத்ததுதானே லா. எடுத்துப் பாருங்க" என்றார்.

எடுத்துப் பார்த்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே தோட்டத்தில் நான் செய்த ஆய்வறிக்கை. நாலாவது பக்கத்தில், என் கையெழுத்தில், மலாயில் இப்படி இருந்தது: களத்தில் பெண்கள் சிலர் காணப்பட்டனர். விசாரித்ததில் கணவருக்குத் துணையாக வருவதாகத் தெரிவித்தனர். தொழிலாளர் அல்லர்.

காது இரண்டும் சூடாகிவிட்டன. அந்த நாள் நன்றாக ஞாபகம் வந்தது. பெரட்டில் அந்தப் பெண்களைப் பார்த்தேன். தலையில் துண்டு, கையில் சாக்கு. நீங்களும் வேலையா என்று கேட்டேன். இல்ல சார், சும்மா அவருக்கு ஒத்தாசைக்கு என்றார்கள். பக்கத்தில் மண்டோர், குணாவுக்காக வேலையை மேற்பார்க்கிறவர், நின்றுகொண்டிருந்தார். நான் தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டேன். எனக்கு அதில் ஒன்றுமே உறுத்தவில்லை. ஏன் உறுத்தவில்லை தெரியுமா? என் அம்மாவும் அப்பாவின் பின்னால் வாளியைத் தூக்கிக்கொண்டு இருபது வருஷம் பால் எடுக்கப் போனாள். உங்க அம்மா என்ன வேலை என்று பள்ளிக்கூடத்தில் கேட்டபோது வீட்டில் இருக்கிறார் என்றுதான் எழுதினேன். வெளியூரிலிருந்து வந்த எந்த அதிகாரியும் அந்தப் பெண்களைப் பார்த்து இவர்கள் யார் என்று இன்னொரு கேள்வி கேட்டிருப்பான். தோட்டத்தில் பிறந்த எனக்குத்தான் அது கேள்வியாகவே படவில்லை.

அன்றைக்கு முழுக்க அந்தக் கோப்பை மேசைக்குள் வைத்துக்கொண்டு பொருமினேன். உண்மையைச் சொன்னால், பேசாமல் இருந்துவிடலாமா என்றும் தோன்றியது. இரண்டு வருஷத்தில் ஓய்வு. தப்பு அறிக்கை கொடுத்தவன் என்று பதிவேட்டில் ஏறினால் பென்ஷன் கோப்பில் யாராவது ஒரு கேள்வி போடுவான். ஆனால் விமலாவுக்கு மாதக் கடைசி வரைக்கும்தான் நேரம். மறுநாள் காலை புவான் ரொஹானாவின் அறைக்குப் போய்க் கோப்பை விரித்து வைத்து, நான் எழுதியது தப்பு என்றேன்.

அவர் நாலாம் பக்கத்தை மெதுவாகப் படித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். பக்கத்தின் அடியில் விரலை வைத்துக் காட்டினார். அங்கே அவருடைய கையெழுத்து இருந்தது.

"இதற்கு மட்டும் நான் அந்த மூன்று கேள்வியைக் கேட்கவில்லை. நீங்கள் தோட்டத்தில் பிறந்தவர், உங்களுக்குத் தெரியும் என்று விட்டுவிட்டேன்" என்றார்.

அதோடு சரி. என்னைச் சமாதானப்படுத்தவும் இல்லை, தன்னை நியாயப்படுத்தவும் இல்லை. வாய் வார்த்தையை வாய் வார்த்தையால் மாற்ற முடியாது, பழைய அறிக்கையைத் திருத்த வேண்டுமென்றால் கண்ணால் பார்க்கக்கூடிய ஏதாவது வேண்டும், போய்க் கொண்டுவாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

தோட்டத்துக்குப் போனேன். முதலில் மற்ற பெண்களைக் கேட்டேன். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. அவர்களுடைய புருஷன்மார் வேலை குணா கையில் இருக்கிறதே, பேசுவார்களா? பிறகு சேகரைப் பார்க்கப் போனேன். வாட்டசாட்டமான ஆள், கட்டிலுக்கு வெளியே கால் நீட்டிக்கொண்டிருந்தது. உன் மனைவி உன்னோடு வேலை செய்தாள் என்று வாக்குமூலம் கொடு என்றேன். அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். தன் சம்பாத்தியத்தில் குடும்பம் நடந்தது என்றுதான் இத்தனை வருஷம் ஊர் பேசியது, இப்போது படுத்த படுக்கையில் அதையும் பிடுங்குகிறீர்களா என்கிற மாதிரி ஏதோ முணுமுணுத்தான். எனக்குக் கோபம் வந்தது. எவ்வளவு நாளைக்குத்தான் இந்த வீறாப்பு, வீடு போனபிறகு யாரிடம் காட்டப் போகிறாய் என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன்.

விமலா அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள்.  சேகர் சுவரைப் பார்த்தபடியே சொன்னான்.

"எழுதிக்குங்க சார். அவ இல்லன்னா ஒரு நாளு கூட எனக்குக் கொடுத்த வேலைய என்னால முடிச்சிருக்க முடியாது. பாதி அவ செஞ்சது. நான்தான் வெளிய சொல்லல."

எழுதிக்கொண்டேன். அடுப்படியில் ஏதோ பாத்திரம் கை தவறி விழுந்தது. ஆனால் புருஷன் மனைவிக்காகச் சொல்கிற சாட்சியம் மட்டும் போதாது என்று எனக்குத் தெரியும். வீடு போகிற பயத்தில் சொல்கிறான் என்று குணா ஒரே வரியில் அடித்துவிடுவார். தொங்கிப்போன முகத்தோடு வெளியே வந்து என் சப்பாத்தைத் தேடினேன்.

வாசற்படியில் இரண்டு ஜோடி கறுப்பு ரப்பர் பூட்ஸ் இருந்தன. ஒன்று பெரிது, ஒன்று சின்னது. இரண்டிலும் குதிகாலில் ஒரே மாதிரி வெள்ளைப் பெயிண்ட் கோடு. விமலாவைக் கூப்பிட்டு, இந்தச் சின்னது எங்கே வாங்கினாய் என்று கேட்டேன்.

"வாங்கல சார். ஸ்டோர்ல குடுத்தாங்க. பழம் வாங்குற மில்லுலேருந்து யாரோ பார்க்க வாராங்க, பூட்ஸ் இல்லாம யாரும் காட்டுக்குள்ள போகக் கூடாதுன்னு எங்க எல்லாத்துக்கும் குடுத்தாங்க" என்றாள்.

சப்பாத்தைக் கட்டிக்கொண்டு நேரே ஸ்டோருக்கு நடந்தேன். மண்டோர்தான் ஸ்டோரையும் பார்த்துக்கொண்டிருந்தார். பூட்ஸ் கொடுத்த புத்தகத்தைக் காட்டுங்கள் என்றேன். அவர் கூசாமல் எடுத்துக் கொடுத்தார், அதில் என்ன வில்லங்கம் என்று அவருக்குத் தோன்றவில்லை. புத்தகத்தில் பதிவில் இருக்கிற பெயர்களை மட்டுமே எழுதலாம். பெண்களின் பெயர் பதிவில் இல்லை. மண்டோர் பாவம், ஒழுங்கான மனுஷன், கொடுத்த சாமானை எழுதாமல் விடமாட்டார். அதனால் புருஷன் பெயரிலேயே இரண்டாவது முறை எழுதியிருந்தார். சேகர், ஒன்பதாம் நம்பர். அதற்கு நேர் கீழே, அதே தேதியில், சேகர், நாலாம் நம்பர். அப்படி ஒன்பது ஆண்களுக்கு ஆளுக்கு இரண்டு சைஸ் கால். எனக்கு அந்த இடத்திலேயே சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தைப் படம் எடுத்தேன், நகல் எடுத்தேன், மண்டோரைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். ஈப்போவுக்குத் திரும்பி வருகிற வழியெல்லாம் காரில் தனியாகப் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தேன்.

விசாரணை எங்கள் அலுவலகத்தில் நடந்தது. மேசையின் ஒரு பக்கம் குணா, சலவைச் சட்டை, கையில் என் பழைய அறிக்கையின் நகல். இந்தப் பக்கம் விமலா, அவளுக்குப் பக்கத்தில் நான். அவள் கைகளை மடியில் வைத்து ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்தாள். நாலு நாளில் மாதம் முடிகிறது.

குணா என் அறிக்கையைப் படித்துக் காட்டினார். ஒவ்வொரு வார்த்தையும் என்னை அறைகிற மாதிரி இருந்தது. புவான் ரொஹானா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஸ்டோர் புத்தகத்தின் நகலைக் குணா பக்கம் திருப்பி வைத்து, சேகருக்கு எத்தனை கால் என்று சாதாரணமாகக் கேட்டார். குணா குனிந்து பார்த்தார். கொஞ்சம் திணறினார். பிறகு சமாளித்துக்கொண்டு, சின்ன பூட்ஸ் சேகர் தன் பிள்ளைக்கு வாங்கியிருப்பார், எனக்கு எப்படித் தெரியும் என்றார்.

புவான் ரொஹானா தலையை ஆட்டினார். புதுத் தாள் ஒன்றை எடுத்தார். தான் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மெதுவாக எழுத ஆரம்பித்தார்.

"செம்பனைக் காட்டில் வேலைக்காகப் பூட்ஸ் கொடுக்கப்பட்டவர், சேகரின் பிள்ளை. வயது..." என்று நிறுத்தி, குணாவை நிமிர்ந்து பார்த்தார். "பிள்ளைக்கு என்ன வயது?"

 பிள்ளைகளைக் காட்டு வேலைக்கு வைத்தால் என்ன ஆகும் என்று எந்தக் காண்ட்ராக்டருக்கும் தெரியும். குணாவின் முகத்தில் வேர்த்துவிட்டது.

"பிள்ளை இல்ல புவான், பிள்ளை இல்ல. அது பொண்டாட்டிக்குக் குடுத்தது" என்றார்.

"வேலைக்காகவா?"

"வேலைக்குத்தான்."

புவான் ரொஹானா அந்தத் தாளைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு இன்னொரு தாள் எடுத்தார். கடைசியாகச் சொன்னதை அப்படியே எழுதி, குணாவிடம் நீட்டினார். அவர் கையெழுத்துப் போட்டார். பூட்ஸ் கொடுத்த தேதியிலிருந்து விமலா அந்தத் தோட்டத்துத் தொழிலாளி. வேலை அவள் பெயரில், வீடு அவள் பெயரில், அடிபட்டால் காப்பீடும் அவள் பெயரில். எனக்கு நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறாங்கல் இறங்கின மாதிரி இருந்தது. விமலாவுக்குத் தமிழில் சொன்னேன். வீட்ட விட்டுப் போக வேணாமா சார் என்று மட்டும் கேட்டாள். வேண்டாம் என்றேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

பழைய அறிக்கைக்குத் திருத்தக் குறிப்பு எழுதும்போது தவறு என்னுடையது என்று எழுதினேன். புவான் ரொஹானா வாங்கிப் பார்த்து, "எங்களுடையது" என்று மாற்றிக் கீழே கையெழுத்துப் போட்டார். பென்ஷன் கோப்பில் யாரும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. நான் பயந்ததெல்லாம் வீண்.

விமலாவின் பெயர் பதிவில் ஏறிய முதல் நாள், உத்தரவு நடக்கிறதா என்று பார்க்க நானும் புவான் ரொஹானாவும் பெரட்டுக்குப் போனோம். விடிந்தும் விடியாத நேரம், புல் எல்லாம் பனி. ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால் என்று வழக்கம்போல நின்றார்கள். மண்டோர் பதிவைப் பிரித்துப் பெயர் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொருத்தரும் இருக்கேன், இருக்கேன் என்று சொல்லி முடித்தார்கள். கடைசியில், "விமலா" என்றார்.

பதில் இல்லை. மண்டோர் மறுபடி கூப்பிட்டார். பின்வரிசையில் விமலா சாக்கை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் களத்தில் பதினைந்து வருஷம் நின்றிருக்கிறாள், ஒரு நாளும் அவளை யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிடுவது தன்னைத்தான் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஓடிப்போய் உலுக்கலாமா என்று எனக்குக் கால் பரபரத்தது. பக்கத்தில் நின்ற பெண் முழங்கையால் இடித்தாள்.

"ஏய், ஒன்னத்தான்டி."

விமலா நிமிர்ந்தாள். "இருக்கேன்" என்றாள். பிறகு யாருக்கும் கேட்கவில்லையோ என்று நினைத்தாற்போல, இன்னொரு முறை சத்தமாக, "இருக்கேன்" என்றாள்.

மண்டோர் டிக் போட்டுவிட்டுப் பதிவை மூடப் போனார். அப்போது இடித்த பெண் பின்வரிசையை விட்டு முன்னால் வந்து நின்றாள். நான் கேட்டபோது வாயைத் திறக்காதவர்களில் அவளும் ஒருத்தி.

"மண்டோரே, மூடாதீங்க. எம் பேரு பரமேஸ்வரி. நானும் தெனம் வாரேன்."

மண்டோர் என்னைப் பார்த்தார். நான் புவான் ரொஹானாவைப் பார்த்தேன். அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டார், மலாயில் சொன்னேன். அவர் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து மடியில் தாளை விரித்துக்கொண்டு, பெயரை மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள் என்றார். பரமேஸ்வரி சொன்னாள். அவளுக்குப் பின்னால் மற்ற ஏழு பேரும் வரிசையில் வந்து நின்றார்கள். அன்றைக்குக் காட்டுக்குள் போக ஒரு மணி நேரம் தாமதம் ஆயிற்று, ஆண்கள் உட்பட யாரும் அவசரப்படுத்தவில்லை.